மீற்றரில் ‘டி’ நூர்ந்தால்

எங்கள் வீட்டில் நிற்பது ரொயோட்டா கொரோலா 110. ஒட்டோ கியர், 90களின் கடைசியில் ஜப்பானில் செய்தது. கொஞ்சக் காலத்துக்கு முன் அதன் மீற்றரில் கியர் காட்டும் லைற்றுகளில் ‘டி’ (முன்னுக்கு ஓடும் கியர்) மட்டும் நூர்ந்து, அதாவது அணைந்து போனது. பிறகு இடப்பக்கம் சிக்னல் போட்டால் டாஷ்போட் வெளிச்சமும் சேர்ந்து துடிக்கத் தொடங்கியது. அதற்கும் பிறகு, றிவேர்ஸில் போட்டால் அதற்குரிய ‘ஆர்’ உம் நியூற்றலுக்குரிய ‘என்’ உம் ஒன்றாக எரிந்தன.

முதலில் கொண்டுபோன கராஜில் ரோச் அடித்துக்கூடப் பார்க்காமல் இரண்டு தீர்ப்புச் சொன்னார்கள். கியர் பெட்டி போகப் போகிறது என்பது ஒன்று. மீற்றரை முழுதாக மாற்ற வேண்டும், கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பழைய மீற்றர் எடுப்பிக்கலாம் என்பது மற்றது. ஒரு வயரைக்கூட யாரும் அளக்கவில்லை. எனக்குச் சரியான கோபம். யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருக்கும் எத்தனையோ பேருக்கு இதே பதில் கிடைக்கிறது, அவர்களும் நம்பிக் காசைக் கொடுக்கிறார்கள். பழைய காரின் லைற் பழுதைத் தேடிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: பல்ப்பும் மீற்றரும் கியர் பெட்டியும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இரண்டு சாமான்கள் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில்தான் பழுது இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் சாமான் மாற்றினால், புதுச் சாமானும் அதே கறளில் போய்த்தான் உட்காரும்.

எங்கள் ஊரில் பழைய கார் ஏன் இத்தனை நிற்கிறது என்று வெளியில் இருந்து வருபவர்கள் கேட்பதுண்டு. ஒஸ்ரின் ஏ40 இன்னும் ஓடும் ஊர் இது. 90களில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் அவை. பிறகு 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. 2025 இல் திரும்பத் திறந்தார்கள் என்றாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. ஆகவே கொரோலா 110, 121, கரீனா, சன்னி போன்ற பழைய கார்கள் இன்னும் பல வருடம் ஓடத்தான் போகின்றன. அவற்றின் வயர்களுக்கும் கார்களின் வயதுதான்.

எனக்கு வழிகாட்டியவர் கொக்குவில் பக்கம் ஓட்டோ எலக்ரிக் வேலை செய்யும் அண்ணை ஒருவர். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் தொழில் பழகியவர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட தலைமுறை. கதையை முழுதாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “தம்பி, உடன மீற்றரில கை வைக்காதேங்கோ. எந்த எந்த லைற் எரியேல்லை எண்டு முதல்ல எழுதிக்கொண்டு வாங்கோ. வேற என்ன என்ன வேலை செய்யேல்லை எண்டும் எழுதுங்கோ.”

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. மீற்றருக்குள் இரண்டு குடும்பம் இருக்கிறது. இரவில் எழுத்தும் முள்ளும் தெரிவதற்கான வெளிச்சம் ஒன்று. அது பார்க் லைற்றோடு சேர்ந்து வருவது. எச்சரிக்கை லைற்றுகளும் கியர் லைற்றுகளும் இன்னொன்று. அவை திறப்பை ஓனுக்குத் திருப்பியதும் உயிர் பெறுபவை. இரண்டுக்கும் பியூஸ் வேறு. இரவு வெளிச்சம் முழுதாக இல்லை என்றால் முதலில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சில்லைத் திருப்பிப் பாருங்கள். துடைக்கும்போது யாராவது கை பட்டுக் குறைத்திருக்கலாம். அதன் பிறகு இறங்கிப் போய்க் காரின் பின்பக்கம் பாருங்கள். ரொயோட்டாக்களில் ‘ரெயில்’ என்று எழுதியிருக்கும் பியூஸ் போனால் டாஷ்போட்டோடு பின் சிவப்பு லைற்றும் நம்பர் பிளேற் லைற்றும் சேர்ந்து நூர்ந்துவிடும். உள்ளே இருப்பவருக்கு மீற்றர் இருட்டாக இருப்பது மட்டும்தான் தெரியும். ஏ9 வீதியில் பின்னால் வரும் லொறிக்காரருக்கு முன்னால் ஒரு கார் போவதே தெரியாது. மீற்றர் இருட்டானால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடக்கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

கியர் லைற் எல்லாமே ஒன்றாக நூர்ந்து, பெற்றோல் முள்ளும் சூட்டு முள்ளும் எழும்பவில்லை என்றால் ‘கேஜ்’ என்று எழுதிய பியூஸைப் பாருங்கள். பல ரொயோட்டாக்களில் 10 அம்பியர், சிவப்பு நிறம். றிவேர்ஸ் லைற்றும் பெரும்பாலும் அதில்தான் ஓடும். 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எந்தக் கடையில் வாங்கினாலும் நிறம் இதுதான். எரிந்த 10ஐக் கழற்றிவிட்டு 20ஐப் பூட்டிக் கொடுப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். பியூஸ் எரிய வேண்டிய நேரத்தில் எரியாவிட்டால் வயர் எரியும். பியூஸின் விலை என்ன, டாஷ்போட்டுக்குள் ஓடும் வயர்க் கட்டின் விலை என்ன?

எங்கள் காரில் பியூஸ் எல்லாம் நல்லது. சிக்னலோடு டாஷ்போட் துடிப்பதைச் சொன்னதும் அண்ணை சிரித்தார். “அது எர்த்.”

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்கள் ஊரில் பாதிப் பழுது அதுதான். காரில் பற்றறியின் நெகற்றிவ் பக்கம் பொடியோடு, அதாவது காரின் இரும்பு உடலோடு பூட்டியிருக்கும். ஒவ்வொரு லைற்றும் வேலை முடிந்த கரண்டைப் பொடி வழியாகத் திருப்பி அனுப்புகிறது. அதற்காக ஆங்காங்கே ஒரு கறுப்பு அல்லது வெள்ளை-கறுப்பு வயர் வந்து பொடியில் ஒரு ஆணியோடு முடுக்கப்பட்டிருக்கும். அந்த ஆணியின் கீழ் கறள் ஏறினால் கரண்டுக்குத் திரும்பும் வழி இல்லை. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரம்பை உடைத்துப் பக்கத்துப் பாத்திக்குள் போகுமல்லவா, அதைப்போலக் கரண்ட் வேறு பல்ப்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கும். சிக்னல் போட்டால் டாஷ்போட் துடிப்பது அதனால்தான். பிரேக்கை மிதித்தால் பார்க் லைற் மங்குவதும் இதே காரணம்தான். இன்னொரு அடையாளமும் உண்டு: ஹெட்லைற் போட்டவுடன் சூட்டு முள் கொஞ்சம் ஏறும், லைற்றை நிப்பாட்டினால் இறங்கும். என்ஜின் இரண்டு செக்கனில் சூடாகாது. இதைத் தெரியாமல் ரேடியேற்றரும் தேர்மோஸ்ராற்றும் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

கடலில் இருந்து வெகுதூரம் என்று சொல்லக்கூடிய ஊர் குடாநாட்டில் இல்லை. பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் என்று போய் வந்தால் வழியெல்லாம் இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். எங்கள் குடும்பம் அடிக்கடி போகும் பாதை அது. வெளியில் பட்ட உப்பைக் கழுவலாம். கால்பக்கத்துப் பிளாஸ்ரிக் மூடிக்குப் பின்னால் போய்ப் படிவதை யார் கழுவுவது? முன் இருக்கையின் இடப்பக்கக் கால்மூடியைக் கழற்றி ரோச் அடித்தபோது அந்த ஆணி தெரிந்தது. தலை மட்டும் மஞ்சள் பூச்சோடு பளிச்சென்று இருந்தது. கழற்றினால் கீழ்ப்பக்கம் முழுக்கச் செம்மண் நிறம், வயரின் வளையத்தில் பச்சைத் தூள்.

கண்ணால் பார்த்து மட்டும் எர்த்தை நம்பக்கூடாது. மல்ரிமீற்றரை டிசி வோல்ற்றில் வைத்து ஒரு முனையைப் பற்றறி நெகற்றிவில் பிடியுங்கள், மற்ற முனையை எர்த் வயரின் வளையத்தில் வையுங்கள், லைற் எல்லாம் எரியவிடுங்கள். 0.1 வோல்ற்றுக்குள் நின்றால் நல்லது. அரை வோல்ற், ஒரு வோல்ற் என்று காட்டினால் அந்த இணைப்பில் கோளாறு. எங்கள் காரில் ஒரு வோல்ற்றைத் தாண்டியது. ஆணியையும் வளையத்தையும் பொடியில் தொடும் இடத்தையும் வெள்ளித் தகடு தெரியும்வரை அரத்தாள் போட்டு உரசி, திரும்ப முடுக்கி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசினோம். டாஷ்போட் துடிப்பு அத்தோடு நின்றது. சாமான் செலவு ஒன்றுமில்லை.

‘டி’ இன்னும் எரியவில்லை. ஒரு லைற் மட்டும் இல்லையென்றால் மீற்றரைத் திறக்கத்தான் வேண்டும். ஏர்பாக் உள்ள காரென்றால் பற்றறி நெகற்றிவைக் கழற்றி 90 செக்கனாவது பொறுங்கள், மஞ்சள் நிற இணைப்புகளைத் தொடாதீர்கள், அவற்றில் சோதனை லைற்றைக் குத்தவே கூடாது. பிறகு ஸ்ரியரிங்கைக் கீழே இறக்கி, மீற்றரைச் சுற்றியுள்ள சட்டத்தின் மேற்பக்க ஆணிகளைக் கழற்றி, மெதுவாக முன்னுக்கு இழுத்தால் மீற்றர் வரும். இன்னும் பழைய கார்களில் ஸ்பீடோ கேபிள் இருக்கும், அதன் கிளிப்பைப் பின்னால் கைவிட்டு அமத்த வேண்டும். வெயிலில் காய்ந்த பிளாஸ்ரிக் பிஸ்கற் மாதிரி முறியும் என்பதால் காலை நேரத்தில் அவசரமில்லாமல் செய்யுங்கள்.

மீற்றரின் பின்பக்கத்தை முதல்முறை பார்த்தபோது நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் செம்புக் கோடுகள் ஆறு மாதிரிக் கிளைவிட்டு ஓடுகின்றன. ஒவ்வொரு கோடும் ஒரு வட்ட ஓட்டையில் போய் முடிகிறது. அந்த ஓட்டைக்குள் பல்ப் பிடிக்கும் சிறு கோப்பை. கால்வாசித் திருப்பினால் கழன்று வரும். கோப்பையின் இரண்டு பக்கமும் மயிரிழை அகலத்தில் ஒரு செம்புக் கம்பி நீட்டிக்கொண்டு செம்புக் கோட்டை அழுத்துகிறது. இருபது வருடத்துக்கு மேலாக ‘டி’ எரிந்தது அந்தச் சிறு அழுத்தத்தால்தான். மற்றக் கியர்களை விட ‘டி’ தான் அதிக நேரம் எரிகிறது, அதனால் அங்கேதான் அதிக சூடு. கோப்பையைக் கழற்றியபோது சுற்றிலும் பிளாஸ்ரிக் தேநீர்க் கறை நிறத்தில் இருந்தது, கம்பி கறுத்துச் சோர்ந்து உள்ளே மடிந்திருந்தது. பல்ப்பை எடுத்து பார்க்கிங்குக்குரிய ‘பி’யின் கோப்பையில் போட்டால் வடிவாக எரிந்தது.

செம்புக் கோட்டை அரத்தாளால் தேய்க்க வேண்டாம். அது தாளளவு மெல்லிசு, இரண்டு இழுவையில் இல்லாமல் போகும். பிள்ளைகளின் அழிறப்பர் போதும். மினுக்கம் வரும்வரை மெதுவாகத் தேய்த்து, கொன்ராக்ற் ஸ்பிறே கொஞ்சம் அடித்து, கோப்பையின் கம்பியை ஊசி நுனியால் கொஞ்சம் மேலே நிமிர்த்தித் திருப்பிப் பூட்டினேன். ‘டி’ பழையபடி எரிந்தது. டாஷ்போட்டில் தட்டினால் எரிந்து நூரும் லைற் என்றால் வயர் வந்து பூட்டும் முள்களின் ஈயப் பற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முள்ளைச் சுற்றி மெல்லிய வட்ட வெடிப்புத் தெரிந்தால் திரும்ப ஈயம் வைக்க வேண்டும்.

பல்ப் மாற்றும்போது எல்இடி போடலாமா என்று கேட்பார்கள். இரவு வெளிச்சத்துக்கும் கியர் லைற்றுக்கும் போடலாம். திசை மாறினால் எரியாது, கழற்றித் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். சார்ஜ் லைற்றுக்கு மட்டும் பழைய இழை பல்ப்பே இருக்கட்டும். பற்றறியை ஏற்றும் ஓல்டர்னேற்றர்களில் பழைய ரகங்கள் விழித்தெழுவதற்கு வேண்டிய ஆரம்பக் கரண்டை அந்தப் பல்ப் வழியாகத்தான் எடுக்கின்றன. எல்இடியில் அந்தளவு கரண்ட் போகாது. பல்ப்பே எரிந்துபோயிருந்தாலும் அதே கதைதான்: என்ஜின் ஓடும், பற்றறி ஏறாது, அதை எச்சரிக்க வேண்டிய லைற்றும் எரியாது. என்ஜின் ஓடும்போது பற்றறியில் 13.8 வோல்ற்றுக்கும் 14.4 வோல்ற்றுக்கும் இடையில் காட்டினால் பயமில்லை.

இனி ‘ஆர்’ உம் ‘என்’ உம் ஒன்றாக எரிந்த விடயம். கியர் பெட்டி போகப் போகிறது என்று பயமுறுத்தியது இதை வைத்துத்தான்.

கியர் லிவரில் இருந்து வரும் கேபிள் கியர் பெட்டியின் பக்கத்தில் ஒரு தண்டைத் திருப்புகிறது. அந்தத் தண்டில் கோர்த்தபடி, உள்ளங்கை அளவில் ஒரு சுவிச் இருக்கிறது. நியூற்றல் சுவிச் என்பார்கள். பி, ஆர், என், டி, 2, எல் என்று எந்த இடத்தில் தண்டு நிற்கிறதோ அந்த லைற்றுக்குக் கரண்ட் கொடுப்பது அதன் வேலை. அதோடு, பியிலும் என்னிலும் மட்டும் ஸ்ராட்டரை வேலை செய்ய விடுவதும் அதே சுவிச். அதனால் கியர் லைற்றை அலங்காரம் என்று நினைக்கக்கூடாது. பியில் ஸ்ராட் ஆகாமல் என்னில் மட்டும் ஆகும் கார், நாளைக்கு வீதியில் எங்கேயும் ஸ்ராட் ஆகாமல் நிற்கலாம்.

இந்தச் சுவிச்சில் எனக்குப் பிடித்தது, நிலத்தில் படுக்காமலேயே பாதிக் கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான். ‘ஆர்’ லைற் எரியவில்லை, ஆனால் பின்னால் வெள்ளை லைற் எரிகிறது என்றால் சுவிச் நல்லது, மீற்றருக்குள் பல்ப்பையோ கோப்பையையோ பாருங்கள். இரண்டும் எரியவில்லை என்றால் சுவிச்சின் அந்த ஒரு தொடுகையில் சந்தேகம் வையுங்கள். லிவரை மெதுவாக அசைக்கும்போது ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் நடுவில் லைற் பிந்தி மாறினாலோ, இரண்டு ஒன்றாக எரிந்தாலோ சுவிச் தன் இடத்தில் இருந்து நகர்ந்திருக்கிறது, அல்லது கேபிளின் முனையில் உள்ள புஷ் என்ற சிறு வளையம் தேய்ந்து லிவர் ஆடுகிறது. கியர் பெட்டிக்குள் உண்மையில் பழுதென்றால் கார் ஓடும் விதத்தில் தெரியும்: கியர் பிடிக்கச் சுணங்கும், என்ஜின் இரைந்தும் வேகம் ஏறாது, எண்ணெய் கறுத்து எரிந்த மணம் வரும். எங்கள் காரில் இவை ஒன்றுமில்லை. கியர் பெட்டி எண்ணெய் தெளிவான சிவப்பாகவே இருந்தது.

அண்ணை காரின் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஹான்ட்பிரேக்கை இழுத்து, லிவரை என்னில் வைக்கச் சொன்னார். ரொயோட்டா சுவிச்சின் முகத்தில் நியூற்றலுக்கென்று ஒரு கோடு இருக்கிறது, தண்டோடு சேர்ந்த வளையத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். எங்கள் காரில் வெட்டு ஒரு பக்கம் தள்ளி நின்றது. சுவிச்சைப் பிடிக்கும் இரண்டு போல்ற்றையும் தளர்த்தி, விரலால் சுவிச்சைத் திருப்பிக் கோட்டை நேராக்கி, திரும்ப முடுக்கினார். “இப்ப போட்டுப் பாருங்கோ தம்பி” என்றார். பி, ஆர், என், டி ஒவ்வொன்றாக, ஒன்று நூர்ந்த பிறகே மற்றது எரிந்தது. சுவிச் இன்னும் மோசமென்றால் கழற்றித் திறந்து, உள்ளே பித்தளைத் தடங்களைத் துடைத்துப் புதுக் கிறீஸ் வைத்துப் பூட்டலாம், சில ரகங்கள் ஒட்டித்தான் வரும், அவற்றைத் திறக்க முடியாது என்றார்.

கியர் லைற்றுகளுக்குப் பக்கத்தில் ‘ஓடி ஓஃப்’ (ஓவர்டிரைவ் என்ற மேல் கியர் நிறுத்தப்பட்டிருக்கிறது) என்று ஒன்று இருக்கும். அசையாமல் எரிந்தால் லிவரில் உள்ள பட்டனை யாரோ அமத்தியிருக்கிறார்கள். திரும்ப அமத்தினால் நூரும். ஓடும்போது விட்டு விட்டு மின்னினால் அது வேறு. எலெக்ற்றோனிக் கட்டுப்பாடுள்ள கியர் பெட்டியின் கணினி ஒரு பழுதைக் குறித்து வைத்திருக்கிறது என்று பொருள். 90களின் பல ரொயோட்டாக்களில் ஸ்கானர் இல்லாமலே அதை வாசிக்கலாம். பொனற்றுக்குக் கீழ் உள்ள சிறு சோதனைப் பெட்டியில் ரிஈ1, ஈ1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துத் திறப்பை ஓனில் வைத்தால் அந்த லைற் எண்ணாக மின்னும். 42 என்றால் வேக சென்சார். 62, 63 கியர் மாற்றும் சொலினொயிட்டுகள், அதாவது கரண்டில் வேலை செய்யும் வால்வுகள். 64 லொக்-அப் சொலினொயிட். எண் ஒன்றும் இல்லையென்றால் ஒரே சீராக மின்னிக்கொண்டிருக்கும். துளைப் பெயர் வடிவாகத் தெரியாமல் வயரைக் குத்த வேண்டாம். பெட்டியின் மூடியில் படம் இருக்கிறது. சொலினொயிட் என்று வந்தாலும் பெட்டியைப் பிரிக்க முதல் வெளியே வரும் வயரின் பிளக்கைக் கழற்றிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு லைற்றுக்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது. எண்ணெய்க் குவளைப் படம் போட்ட சிவப்பு லைற் ஓடும்போது எரிந்தால் வயரா சுவிச்சா என்று யோசிக்காமல் ஓரமாக நிறுத்தி என்ஜினை நிப்பாட்டுங்கள். எண்ணெய் அழுத்தம் இல்லாத என்ஜின் சில நிமிடத்தில் உள்ளே இறுகிப் பிடித்துவிடும். எண்ணெயின் அளவைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் மீற்றர் நிறையச் சொல்லும், அதனாலேயே விற்கிறவர்கள் சிலர் அதன் வாயைக் கட்டுகிறார்கள். செக் என்ஜின் பல்ப்பைக் கழற்றிவிடுவது, கறுப்பு ரேப் ஒட்டுவது எல்லாம் நடக்கிறது. ஸ்ராட் பண்ண முதல் திறப்பை ஓனில் நிறுத்தி எண்ணெய், சார்ஜ், செக் என்ஜின், ஏபிஎஸ், ஏர்பாக் ஒவ்வொன்றும் எரிகிறதா என்று பாருங்கள். எரிய வேண்டிய லைற் எரியவில்லை என்றால் ஏனென்று கேளுங்கள். எல்லாம் எரிந்தாலும் அவை எப்படி நூர்கின்றன என்று பார்க்க வேண்டும். சுன்னாகத்தில் நண்பர் ஒருவருக்காக ஒரு கார் பார்க்கப் போனோம். ஸ்ராட் பண்ணாமல் திறப்பை ஓனிலேயே வைத்திருந்தோம். ரொயோட்டாக்களில் ஏர்பாக் லைற் ஆறு செக்கன் அளவில் தானாக நூர வேண்டும். இது நூரவே இல்லை. ஸ்ராட் பண்ணிய நொடியில் எண்ணெய் லைற்றோடு சேர்ந்து நூர்ந்தது. ஏர்பாக் லைற்றின் வயரை எண்ணெய் லைற்றோடு இணைத்து விட்டிருக்கிறார்கள். விற்பவரிடம் சொன்னோம், தனக்குத் தெரியாது என்றார். வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கலாம். நண்பர் அந்தக் காரை எடுக்கவில்லை. அடுத்து இணுவிலில் பார்த்த காரில் பெற்றோல் முள் வேலை செய்யவில்லை, ‘2’ லைற்றும் இல்லை. மற்ற லைற்றுகள் தங்கள் நேரத்துக்கு எரிந்து தங்கள் நேரத்துக்கு நூர்ந்தன. அதைத்தான் எடுத்திருக்கிறார், வருகிற ஞாயிறு மீற்றரைக் கழற்ற என்னை வரச் சொல்லியிருக்கிறார்.